கீழ் விளிம்பு: அடைக்க வேண்டிய இடைவெளியும் அடைக்கக் கூடாத இடைவெளியும்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மரச்சட்ட வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இலையுதிர் காலம் வந்தால் ஒரு வேலை காத்திருக்கும். குளிர் இறங்குவதற்குள் வீட்டைச் சுற்றிவந்து, சுவர் முடிந்து அடித்தளம் தொடங்கும் இடத்தைக் குனிந்து பார்ப்பது. பெரும்பாலும் அங்கே ஓர் இடைவெளி தென்படும். மேலே சைடிங் எனப்படும் வெளிப்போர்வை. அது வினைலாகவோ மரமாகவோ சிமென்ட் நார்ப் பலகையாகவோ இருக்கலாம். கீழே கான்கிரீட். நடுவே விரல் நுனி நுழையும் அளவுக்கு ஓர் இருட்டுக் கோடு. உள்ளே பேஸ்மென்டில் அதே உயரத்தில் கையை வைத்தால் குளிர்காற்று உறைக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வீட்டுக்காரர் நேராகக் கடைக்குப் போய் சீலன்ட் வாங்கிவந்து, அந்தக் கோட்டை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பிதுக்கி அடைத்துவிடுவார்.

அப்படிச் செய்யாதீர்கள் என்கிறார்கள் சைடிங் தயாரிப்பாளர்கள். எரிசக்தி ஆலோசகர்களோ அடித்தளத்தின் தலைப்பைக் காற்றுப் புகாமல் அடைக்கச் சொல்கிறார்கள். எலித் தொல்லை நீக்க வருபவர், 6 மில்லிமீட்டருக்கு மேல் எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது என்பார். கலிபோர்னியாவில் காட்டுத்தீக்கு அஞ்சி வாழ்பவர்களுக்குத் தரப்படும் அறிவுரை 3 மில்லிமீட்டர்ப் பிளவையும் விட்டுவைப்பதில்லை. நான்கு தரப்பும் சொல்வது சரிதான். அவர்கள் பேசுவது ஒரே இடைவெளியைப் பற்றி என்று எண்ணிக்கொள்வதில்தான் குழப்பம் பிறக்கிறது. சுவரின் கீழ் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தது மூன்று இடைவெளிகள் இருக்கின்றன. உள்ளே இருப்பதை இறுக அடைக்க வேண்டும். வெளியே இருப்பதை அடைக்கவே கூடாது. இடையில் உள்ளது வீட்டின் வயதைப் பொறுத்தது.

செங்கல்லும் சிமென்ட் பூச்சுமாக வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ சுவரில் பிளவு கண்டால் கலவை குழைத்துப் பூசிவிடுவோம். சுவர் மழையில் நனையும், வெயிலில் காயும். செங்கல்லுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. டொராண்டோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் பக்கம் நம்மவர்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகள் வேறு வகை. வெளியே செங்கல் தெரிந்தாலும் வீட்டைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். பூசி அடைக்கும் கைப்பழக்கத்தை அந்தச் சுவரிடம் காட்டினால், சில ஆண்டுகள் கழித்து மரம் பதில் சொல்லும்.

அந்தச் சுவர் எப்படி நிற்கிறது என்று கீழிருந்து பார்த்துவிடலாம். டொராண்டோ வட்டாரத்தில் மண் 1.2 மீட்டர் ஆழம் வரை உறையக்கூடும் என்ற கணக்கில் அடித்தளம் இறக்குவார்கள். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைக்கும் என்பதால் பேஸ்மென்ட் வழக்கமாயிற்று. அதைச் சூழ்ந்த கான்கிரீட் சுவர் மண்மட்டத்துக்கு மேலே சற்று எழுந்து நிற்கும். அதன் தலையில், மருந்தேற்றிய ஒரு மரக்கட்டையைப் படுக்கப்போட்டு, கான்கிரீட்டில் பதித்த போல்ட்டுகளால் இறுக்குவார்கள். அதற்குப் பெயர் சில் பிளேட். அதன்மேல் தரையைத் தாங்கும் உத்தரங்கள் வரிசையாக அமரும். அவற்றின் முனைகளை வெளிப்புறமாக மூடி நிற்பது ரிம் ஜாயிஸ்ட் எனும் விளிம்புக் கட்டை. அதற்கும் மேலே சுவர்ச்சட்டம். இவை அத்தனைக்கும் வெளியே வெளிப்பலகை எனப்படும் ஒட்டுப்பலகை அல்லது ஓ.எஸ்.பி. பலகை, அதன்மேல் டைவெக் போன்ற நீர்தடுப்பு உறை, கடைசியாக சைடிங்.

கான்கிரீட்டின் தலைப்பு ஒருபோதும் கண்ணாடிபோல் மட்டமாக இராது. அதன்மேல் நேரான கட்டையை வைத்தால் அங்கங்கே சந்து விழும். இது முதல் இடைவெளி. வெளிப்பலகையின் கீழ் ஓரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டாவது. சைடிங் அடித்தளத்தின் தலைப்பைத் தாண்டி வழக்கமாக 2 அல்லது 3 சென்டிமீட்டர் கீழே இறங்கி, கான்கிரீட்டை ஒட்டாமல் சற்று விலகித் தொங்கும். தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது இந்த மூன்றாவது இடைவெளி மட்டுமே. இவை தவிர எரிவாயுக் குழாய், தோட்டக் குழாய், ஏசி குழாய்கள், கேபிள்கள் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டைகள் உண்டு. அவற்றில் விவாதத்துக்கு இடமில்லை; அடைக்கலாம்.

மூன்றாவது இடைவெளி ஏன் திறந்திருக்க வேண்டும்? எந்த சைடிங்கும் மழையை முழுக்கத் தடுப்பதில்லை என்பதால். காற்றோடு அடிக்கும் மழை பலகைகளின் மேற்கவிவு வழியாகவும், ஜன்னல் ஓரங்கள் வழியாகவும், ஆணித் துளைகள் வழியாகவும் பின்னால் நுழையும். வினைல் சைடிங்கைத் தயாரிக்கும்போதே அதன் கீழ் மடிப்பில் சிறு வடிதுளைகள் போட்டுவிடுகிறார்கள்; நீர் உள்ளே போகும் என்று தெரிந்தே போடுகிறார்கள். உள்ளே போன நீர் உறையின்மேல் வழிந்து கீழே வந்து, அந்தத் தொங்கும் விளிம்பின் வழியே வெளியேற வேண்டும். அங்கே சீலன்ட் அடைத்தால் நீர் தேங்குகிற இடம் எது என்று பார்க்க வேண்டும். வெளிப்பலகையின் கீழ் ஓரம், ரிம் ஜாயிஸ்ட், சில் பிளேட். வீட்டின் பாரம் முழுதும் கான்கிரீட்டுக்கு இறங்கும் மரங்கள் இவை. வினைலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளமுள்ள ஒரு பலகை கோடைக்கும் குளிருக்கும் இடையே 12 மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்கும். அதை சீலன்ட்டால் கான்கிரீட்டோடு பிணைத்தால், முதல் வெயிலிலேயே பலகை நெளியும் அல்லது சீலன்ட் கிழியும். சிமென்ட் நார்ப் பலகை தயாரிக்கும் ஜேம்ஸ் ஹார்டி நிறுவனமும், பலகைக்கும் அதன் அடியில் உள்ள தகர மடிப்புக்கும் இடையே 6 மில்லிமீட்டர் விட்டு, அதை அடைக்காமல் வைக்கும்படி தன் நிறுவல் கையேட்டில் கேட்டுக்கொள்கிறது.

அறிவியல் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. நார்வேயின் ஓய்விண்ட் பிர்க்கலாண்ட் 1962இலும், கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில் இருந்த கெர்பி கார்டன் 1963இலும் எழுதியவற்றின் சாரம் இதுதான்: வெளித்தோலை நீர் புகாததாக ஆக்க முயல்வது வீண், தோலுக்குப் பின்னால் காற்றோட்டமுள்ள ஓர் இடைவெளியை விடு, காற்றைத் தடுக்கும் வேலையை உள்ளடுக்கிடம் கொடு, நுழைந்த நீருக்கு வெளியேற வழி வை. இன்று ரெயின்ஸ்கிரீன் என்று வழங்கும் சுவரின் பிறப்பு இங்கேதான்.

சொன்னதைக் கேட்காததற்கு வான்கூவர் கொடுத்த விலை பெரியது. 1980களிலும் 90களின் முற்பகுதியிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத்தில், கலிபோர்னியப் பாணியில், கூரைத் தாழ்வாரமே இல்லாமல் மொழுமொழுவென்று ஸ்டக்கோ பூசிய அடுக்கு வீடுகள் எழுந்தன. மாதக்கணக்கில் மழை தூறும் ஊர் அது. மேல்பூச்சே மழையைத் தடுத்துவிடும் என்று நம்பி, இணைப்புகளையெல்லாம் சீலன்ட்டால் அடைத்திருந்தார்கள். மயிரிழைப் பிளவுகளில் நுழைந்த நீர் வெளியேற வழியின்றி மரச்சட்டத்தை உள்ளேயே மக்கச் செய்தது. 1998இல் மாகாணத்தின் முன்னாள் பிரீமியர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. வீட்டுக்காரர் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டில் பிறந்தது. மொத்தச் சேதம் சுமார் 400 கோடி கனடிய டாலர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கிய வீட்டைத் தார்ப்பாய் போர்த்தி, சட்டம் தெரிய உரித்துக்கொண்டு, அதன் பழுதுச் செலவுக்கும் கடன் வாங்கினார்கள் மக்கள். அதன்பின் அங்கே சைடிங்குக்குப் பின்னால் குறைந்தது 10 மில்லிமீட்டர் வெற்றிடம் விடுவது நடைமுறையாயிற்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்மிங்டன் நகரிலும் 90களின் நடுவில் செயற்கை ஸ்டக்கோ வீடுகள் இதே காரணத்தால் அழுகின. நியூஸிலாந்திலும் அதே கதைதான்.

அங்கெல்லாம் பழுது ஜன்னல் ஓரத்திலும் பால்கனியிலும்தானே தொடங்கியது, சுவரின் அடியை ஏன் இதில் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நீர் நுழைவது எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், அது வந்து சேர்வது அடியில்தான். வெளியேறும் வாசலை மூடிவிட்டு நுழையும் வாசல்களைத் தேடிக்கொண்டிருப்பது வீண் வேலை.

கட்டடச் சட்டங்கள் இந்த விளிம்பை எவ்வளவு கவனமாகப் பார்க்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சர்வதேசக் குடியிருப்புச் சட்டத்தின்படி, மருந்தேற்றாத மரச் சைடிங்குக்கும் மண்ணுக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அடித்தளத்தில் அமரும் மரச்சட்டத்துக்கு 20 சென்டிமீட்டர். கனடாவின் தேசியச் சட்டம் ஈரத்தில் கெடும் சைடிங்குக்கே 20 சென்டிமீட்டர் கேட்கிறது. அமெரிக்கச் சட்டப்படி ஸ்டக்கோ சுவரின் அடியில் நீர்வடியும் தகரப் பட்டை ஒன்று வைக்க வேண்டும். அது மண்ணிலிருந்து 10 சென்டிமீட்டரும், நடைபாதைத் தளத்திலிருந்து 5 சென்டிமீட்டரும் மேலே நிற்க வேண்டும். செங்கல் முகப்புள்ள வீடுகளின் அடிவரிசையில் அங்கங்கே கல்லிடையே சாந்து போடாமல் விட்ட சந்துகள் தெரியும். கனடாவில் அவை 80 சென்டிமீட்டருக்கு மிகாத தூரத்தில் ஒவ்வொன்றாக இருக்கும். கொத்தனார் மறந்துபோன இடம் என்று நினைத்து அவற்றைச் சாந்தால் அடைத்தவர்கள் ஒன்டாரியோவின் புறநகர்களில் ஏராளம். குளவி கூடு கட்டுகிறது, எலி நுழைகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் உண்மைதான். அதற்கு மருந்து, சந்துக்குள் செருகும் துருப்பிடிக்காத எஃகு வலைத் துண்டு. நீர் வரும், எலி வராது.

இனி உள் இடைவெளி. சில் பிளேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள முதல் சந்தில் நீரைவிடக் காற்றே பெரிய பிரச்சினை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று இலேசாகி மேலே எழுந்து பரண் ஓட்டைகள் வழியே வெளியேறும். போன காற்றுக்கு ஈடாக அடியிலிருந்து குளிர்காற்று இழுக்கப்படும். வீடே ஒரு புகைபோக்கிபோல வேலை செய்கிறது. அந்த இழுவை மிக வலுவாக இருக்கும் இடங்கள் இரண்டு: உச்சியும் அடியும்.

1973இன் எண்ணெய் நெருக்கடி வரை இதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகுதான் அளக்கத் தொடங்கினார்கள். நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பை ஆராய்ந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு, ஏட்டுக் கணக்குப்படி போக வேண்டியதைவிட அதிக வெப்பம் போவதைக் கண்டது. பரணும் பேஸ்மென்டும் அந்த மறைமுகக் கசிவின் இருப்பிடங்கள். கௌதம் தத் என்ற இந்தியப் பெயரும் அந்த ஆய்வில் இருக்கிறது. கதவுச் சட்டத்தில் மின்விசிறியைப் பொருத்தி வீட்டின் கசிவை அளக்கும் புளோவர் டோர் கருவி அமெரிக்காவில் உருவானதும் இந்தக் குழுவினர் கையில்தான். சுவீடனில் அதற்குச் சற்று முன்பே ஜன்னலில் பொருத்தும் வடிவம் இருந்தது. 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் எழுந்த சஸ்காச்சுவன் சேமிப்பு வீட்டில் ஹெரால்ட் ஓரும் அவருடைய தோழர்களும் காற்றடைப்பை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார்கள். 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு 0.8 முறை மட்டுமே அந்த வீட்டின் காற்று மாறியது. பின்னாளில் ஜெர்மனியில் தோன்றிய பாசிவ்ஹவுஸ் இயக்கம் இந்த வீட்டையும் தன் முன்னோடிகளில் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. அதன் வரம்பு 0.6. அமெரிக்க எரிசக்திச் சட்டம் 2012 பதிப்பில் குளிர்ப் பகுதிகளுக்கு 3 முறை என்ற வரம்பை வைத்தது. எந்தக் காப்பும் இல்லாத பழைய வீடுகளில் இது 10ஐத் தாண்டுவது சாதாரணம்.

புதிய வீட்டில் கான்கிரீட்டின்மேல் ஒரு மெல்லிய நுரைப்பட்டையை விரித்து, அதன்மேல் சில் பிளேட்டை இறுக்குகிறார்கள். கட்டையின் பாரம் நுரையை அமுக்க, மேடு பள்ளங்கள் நிரம்பிவிடும். ஏற்கெனவே கட்டிய வீட்டில் அதை நுழைக்க முடியாது; ஆகவே பேஸ்மென்டின் உள்ளிருந்து அடைக்க வேண்டும். இங்கேதான் மிகப் பரவலான ஒரு பிழை நடக்கிறது. இரண்டு உத்தரங்களுக்கு இடைப்பட்ட பெட்டியில் இளஞ்சிவப்புக் கண்ணாடிநார்ப் பஞ்சைத் திணித்துவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. வீட்டுக்குள்ளிருந்து ஈரக்காற்று பஞ்சை ஊடுருவிப் போய், குளிர்ந்து கிடக்கும் விளிம்புக் கட்டையில் படும். பட்ட இடத்தில் நீராகும். சில ஆண்டுகள் கழித்துப் பஞ்சை உருவினால் அதன் பின்புறம் கறுத்திருக்கும். கட்டையில் பூஞ்சை படர்ந்திருக்கும். வெளியே மழைநீர் வடிய வழி விட்டும், உள்ளே இப்படி வியர்த்தே மரம் அழுகிய வீடுகள் உண்டு.

சரியான வழிகள் இரண்டு. ஒன்று, கெட்டியான நுரைப்பலகையைப் பெட்டியின் அளவுக்குச் சற்றுச் சிறிதாக வெட்டிப் பொருத்தி, நாற்புறமும் ஸ்பிரே நுரையால் அடைப்பது. நாள் முழுக்கக் கழுத்து வலிக்கும். ஆனால் வீட்டுக்காரரே செய்யலாம், செலவும் குறைவு. மற்றொன்று, இரு கலவை ஸ்பிரே நுரையை 5 சென்டிமீட்டர் கனத்துக்கு ஆள் வைத்து அடிப்பது. கான்கிரீட்டின் தலை, சில் பிளேட், விளிம்புக் கட்டை மூன்றையும் ஒரே தொடர்ச்சியாக மூடிவிடும் என்பதால் காற்றைத் தடுப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. அடிக்கும் நேரத்திலும் அதற்குப் பின் வழக்கமாக ஒரு நாளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. நுரையைத் திறந்தபடி விடலாமா, தீக்காப்பு அடுக்கால் மூட வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும். உள்ளூர் ஆய்வாளரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி இல்லாதவர்களுக்கு நம் வீட்டுச் சாமான் ஒன்று உதவும். நல்ல காற்றடிக்கும் குளிர்நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி, பேஸ்மென்டில் சில் பிளேட்டை ஒட்டி மெல்ல நகர்த்தினால், புகை சாயும் இடமெல்லாம் சந்து. இரவில் ஒருவர் உள்ளே டார்ச் அடிக்க, வெளியே இன்னொருவர் குனிந்து பார்ப்பதும் பயன் தரும். வெளிச்சம் தெரிகிற இடத்தில் எலிக்கும் வழி தெரியும்.

எலி என்றதும் சொல்ல வேண்டியது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவு: சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை போதும், பெரிய எலிக்கு 12. நகைப்பாகத் தோன்றலாம், ஆனால் 1993இல் அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா சந்திக்கும் வட்டாரத்தில் ஹண்டா வைரஸ் நுரையீரல் நோய் பலரைக் கொன்றபின், வீட்டை எலி புகாமல் அடைப்பது பொது சுகாதார அறிவுரையாகவே ஆனது. வெறும் ஸ்பிரே நுரையை எலி ரொட்டிபோல் கடித்துவிடும். எஃகு நாரைத் திணித்து அதன்மேல் சீலன்ட் பூசலாம்; ஆனால் சாதாரண எஃகு நார் துருப்பிடித்துக் கான்கிரீட்டில் பழுப்புக் கோடு இறக்கும். செம்பு வலை இன்னும் நல்லது. சைடிங்கின் தொங்கும் விளிம்புக்கோ திணிப்பே ஆகாது. 6 மில்லிமீட்டர்க் கண்ணுள்ள கம்பி வலையை நீளவாக்கில் மடித்து, விளிம்புக்குப் பின்னால் தெரியாமல் ஏற்றி, வெளிப்பலகையில் அடிப்பதே பொருத்தம். குளவி, இலையுதிர் காலத்தில் கூட்டமாக வந்து சுவருக்குள் ஒதுங்கும் நாற்றப் பூச்சி போன்றவற்றைத் தடுக்க அதைவிட நுண்ணிய வலை வேண்டும். நுண்ணிய வலையில் தூசியும் சிலந்தி நூலும் சேர்ந்து ஒருநாள் அடைப்பாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. என் கணிப்பில், பூச்சிகளை உள் அடுக்கில் நிறுத்துவதே மேல். சுவரின் வெற்றிடத்துக்குள் நான்கு பூச்சி குளிர்காயட்டும். அறைக்குள் வராமல் இருந்தால் போதும்.

கறையான் வேறு ரகம். ஜார்ஜியா, புளோரிடா, லூசியானா போன்ற தென் மாநிலங்களில் அடித்தளத்தின் வெளிமுகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே முதல் விதி. மண்ணிலிருந்து மரத்துக்குக் கறையான் கட்டும் மண்குழாயைப் பார்த்துப் பிடிப்பதற்காகத்தான் அந்த 15 சென்டிமீட்டர் வெற்றுக் கான்கிரீட். அதன்மேல் நுரைப்பலகை ஒட்டினால் கறையானுக்குத் திரை போட்டுக் கொடுத்ததாகும். கறையான் மிக அதிகமான பகுதிகளில் மண்ணுக்குள் அடித்தளத்தின் வெளிப்புறம் நுரைப்பலகை வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. இடைவெளி அசிங்கமாகத் தெரிகிறது என்று பூச்செடிப் பாத்தி போட்டு, மரச்சீவலைக் குவித்து மறைக்கும் வழக்கம் வடக்கிலும் தெற்கிலும் உண்டு. அதைவிடக் கெட்ட அடைப்பு வேறில்லை. ஈரமும் கறையானும் ஒரே படிக்கட்டில் ஏறிவரும்.

மேற்கே போனால் கேள்வி நெருப்பைப் பற்றியதாகிறது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த கேம்ப் ஃபயரில் 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. இத்தகைய தீயில் வீடுகளை எரிப்பது பெரும்பாலும் முன்னேறி வரும் தீச்சுவாலையல்ல, அதற்கு முன்பே காற்றில் பறந்துவரும் கங்குகள். அவை சுவரின் அடியில் குவிந்து, சைடிங்கின் கீழ் விளிம்பில் தொற்றி, பின்னாலுள்ள வெற்றிடத்தில் ஏறிவிட்டால் அந்த வெற்றிடமே புகைபோக்கி. 2008இல் கலிபோர்னியா கொண்டுவந்த காட்டுத்தீப் பகுதிக் கட்டட விதிகள் காற்றுத்துளைகளின் வலைக்கண்ணை 1.6 முதல் 3.2 மில்லிமீட்டருக்குள் வைக்கின்றன. சுவரின் அடியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு எரியாப் பொருள் மட்டுமே இருக்க வேண்டும் என்பது காப்பீட்டுத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு வலியுறுத்தும் விதி. நீருக்கு வழி விடு என்ற விதியும் கங்குக்கு வழி விடாதே என்ற விதியும் மோதுகிற இடம் இது. நுண்ணிய உலோக வலை இரண்டுக்கும் நடுவழி. அடிக்கடி துப்புரவாக்கினால்தான் அது வலையாக இருக்கும். இல்லையென்றால் கொஞ்ச நாளில் சருகு சேர்ந்த விறகாகிவிடும். மாதக்கணக்கில் மழையே காணாத தென் கலிபோர்னியாவில் நெருப்பின் பக்கம் சாய்வதும், வான்கூவரில் நீரின் பக்கம் சாய்வதும் நியாயம். இரண்டு அபாயமும் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியப் பள்ளத்தாக்குகளில் கட்டுபவர் கையைப் பிசைவதைத் தவிர்க்க முடிவதில்லை.

இரண்டாவது இடைவெளிக்கு வருகிறேன். 1970களுக்கு முந்தைய வீடுகள் பலவற்றில் வெளிப்பலகை அடித்தளத்துக்கு எட்டாமல் நின்றிருக்கும். சைடிங்கின் அடியில் கைவிளக்கு வைத்துப் பார்த்தால் சில் பிளேட்டின் பக்கவாட்டு முகமே தெரியும். இங்கே சீலன்ட்டுக்கு இடமுண்டு. பலகைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே, சைடிங்கைத் தொடாமல் அடைக்க வேண்டும். சந்தைவிடக் கால்பங்கு பருமன் கூடிய பேக்கர் ராட் எனும் நுரைக்கயிற்றை முதலில் உள்ளே அழுத்தி, அதன்மேல் சந்தின் அகலத்தில் பாதி ஆழத்துக்கு சீலன்ட் இடுவது முறை. நுரைக்கயிறு இல்லாமல் பிதுக்கினால் சீலன்ட் இரண்டு பக்கத்தோடு பின்புறத்திலும் ஒட்டி, மரம் அசையும்போது நீள முடியாமல் கிழியும். கான்கிரீட்டுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் நன்றாகப் பிடிக்கும். சிலிகான் முன்பூச்சு இல்லாத கான்கிரீட்டில் உரிந்துவரும். மேலே பெயின்டும் நிற்காது. மலிவான அக்ரிலிக் லேட்டக்ஸ் இரண்டு குளிர்காலம் தாங்கினால் பெரிது. வெயில் படும் இடத்தில் ஸ்பிரே நுரையை விட்டால் பழுப்பாகிப் பொடிந்துபோகும். எதைப் பூசினாலும் கான்கிரீட்டின் தூசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, குறைந்தது 5 டிகிரி வெப்பம் உள்ள நாளில் பூச வேண்டும். நவம்பர் கடைசியில் கை விறைக்க நின்று பூசுவது பணத்தை மண்ணில் போடுவது.

சந்து 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் சீலன்ட்டை விட்டு உலோகத் தகட்டுக்கு மாற வேண்டும். எல் வடிவில் மடித்த தகட்டின் மேல்விளிம்பு, நீர்தடுப்பு உறைக்குப் பின்னால் போக வேண்டும். கீழ்விளிம்பு கான்கிரீட்டைத் தாண்டி வெளிப்பக்கம் சாய வேண்டும். பலர் சைடிங்கைக் கழற்றச் சோம்பி, தகட்டை வெளியே திருகி, அதன் தலையில் சீலன்ட் பூசிவிடுகிறார்கள். அந்த சீலன்ட் விரிசல்விடும் நாளிலிருந்து மேலிருந்து வழியும் ஒவ்வொரு சொட்டும் தகட்டுக்குப் பின்னால், மரத்தின்மேல். தகட்டின் உலோகமும் கவனம் கேட்கும். 2003 முடிவோடு வீட்டு மரங்களுக்கு ஆர்சனிக் கலந்த மருந்து நிறுத்தப்பட்டு, செம்பு மிகுந்த மருந்துகள் வந்தன. அம்மரத்தில் நேரடியாகப் படும் அலுமினியத்தைச் செம்பு அரித்துவிடும். ஈரக் கான்கிரீட்டின் காரமும் அதற்கு ஆகாது. பூச்சுள்ள தகடோ, இடையில் ஒரு தடுப்புப் பட்டையோ வேண்டும்.

பழைய வீட்டில் கைவைக்குமுன் பார்க்க வேண்டியவை வேறு. 1978க்கு முந்தைய அமெரிக்க வீடுகளின் வெளிப்பூச்சில் ஈயம் இருக்கலாம். சுரண்டினால் அந்தத் தூள் குழந்தைகள் விளையாடும் மண்ணில் விழும். கல்போல் விறைத்த பழைய சாம்பல்நிறப் பலகைகள் கல்நார் கலந்தவையாக இருக்கக்கூடும். உடைக்கக் கூடாது, துளைக்கக் கூடாது. 1930க்கு முந்தைய பலூன் சட்ட வீடுகளில் சுவர்க்கட்டைகள் அடித்தளத்திலிருந்து பரண் வரை ஒரே ஓட்டமாகப் போவதால், அடியில் நுழையும் காற்றும் எலியும் நெருப்பும் தங்குதடையின்றி மேலே ஏறும். அவ்வீடுகளில் வெளிவிளிம்பைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஒவ்வொரு கட்டைச் சந்தின் அடியையும் பேஸ்மென்டிலிருந்து மூடுவதே முதல் வேலை.

வேலைக்கு ஒரு வரிசையும் உண்டு. மண் சரிவு முதலில்: அடித்தளத்திலிருந்து 3 மீட்டர் தூரத்தில் மண்மட்டம் 15 சென்டிமீட்டராவது தாழ வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. கூரைநீர்க் குழாயின் வாய் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தால், எந்த சீலன்ட்டும் அந்த வீட்டைக் காக்காது. அடுத்து பரண், உச்சியில் காற்று வெளியேறுவது நின்றால் அடியின் இழுவையும் அடங்கும். அதன்பிறகு பேஸ்மென்டின் விளிம்புக் கட்டைகள். வெளிவிளிம்பின் வலை கடைசி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வதற்குக் காரணம், வெளிவிளிம்பு கண்ணில் படுகிறது, பரண் படுவதில்லை.

எல்லாம் முடிந்தபின் இரண்டு சோதனைகள் மிச்சம். பழைய வகை எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் வீட்டுக் காற்றையே இழுத்து எரிகிறது. வீட்டை இறுக்கியபின் சமையலறை விசிறியும் துணி உலர்த்தியும் சேர்ந்து ஓடினால் அதன் புகை திரும்பி அறைக்குள் வரக்கூடும். அவற்றையெல்லாம் ஓடவிட்டு, கொதிகலனின் புகைக்குழாய் வாயில் புகை உள்ளிழுக்கப்படுகிறதா என்று ஒரு தொழில்நுட்பரை வைத்துப் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும். மற்றது ரேடான். மண்ணிலிருந்து தரைப் பிளவுகள் வழியே ஏறும் இந்தக் கதிரியக்க வாயு அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்குக் காரணம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. விளிம்பை அடைத்தபின் அதன் அளவு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். வீட்டுக்கு வீடு மாறும். கனடாவில் கனமீட்டருக்கு 200 பெக்கரல், அமெரிக்காவில் சுமார் 148 என்பது நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லை. அளக்கும் சிறு டப்பாவைப் பேஸ்மென்டில் குளிர்காலம் முழுக்க, குறைந்தது 3 மாதம், வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் எண் வந்துவிடும்.